சேர்வராயன் மலையில் ஆந்தைக்கான காடு எது? காட்டு வகைகளைப் பிரித்து வாழிடப் பாதுகாப்பைத் திட்டமிட ஒரு வழிகாட்டி

மார்கழி மாதத்தில் சேலம் நகரத்து மொட்டைமாடி ஒன்றிலிருந்து வடக்கே பார்த்தால், சேர்வராயன் மலை அடி முதல் முடி வரை ஒரே பச்சையாகத் தெரியும். அதே மலையைப் பங்குனியில் பார்த்தால் அந்தப் பச்சை பல துண்டுகளாக உடைந்திருக்கும். அடிவாரத்துச் சரிவுகள் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஓடைகள் இறங்கும் தடங்கள் மட்டும் பசுமையாக நிற்கும். உச்சியில் ஏற்காட்டைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் மார்கழியில் இருந்தபடியே இருக்கும். காட்டு வகைப்பாட்டின் பாதி வேலை இந்த இரண்டு பார்வைகளுக்கும் உள்ள வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி, உச்சியில் நிறம் மாறாமல் நிற்கும் பச்சையில் எது காடு, எது காப்பித் தோட்டம் என்று பிரித்தறிவது. கடினமான பாதி அதுதான். மரப்பொந்தில் குடியிருக்கும் ஆந்தைக்கு வேண்டிய பாதியும் அதுதான்.

இயற்கை ஆர்வலர் குழுக்கள், வனவியல், தாவரவியல் மாணவர்கள், தங்கள் நிலத்தில் எதைக் காக்க வேண்டும் என்று அறிய விரும்பும் எஸ்டேட்காரர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒரு மடிக்கணினி, ஜிபிஎஸ் உள்ள கைப்பேசி, அளவு நாடா, ஓராண்டுப் பொறுமை ஆகியவை இருந்தால் இதைச் செய்துவிடலாம். பொறுமைதான் இவற்றில் அரிது.

முதல் படி: எந்த ஆந்தை என்று முடிவு செய்தல்

‘ஆந்தைக்கான காடு’ என்று பொதுவாகப் பேசினால் வரைபடம் எதற்கும் பயன்படாது. புள்ளி ஆந்தை சேலத்தின் தெருவோரப் புளியமரத்திலும் குடியிருக்கும். கொம்பன் ஆந்தை பாறைச் சரிவுகளையும் குன்றுகளையும் நாடும். பூமன் ஆந்தைக்கு நீர்நிலையும் அதன் கரையில் பெரிய மரமும் வேண்டும். இவை அனைத்தையும் ஒரே வண்ணத்தில் தீட்டிவிட முடியாது. இவ்வழிகாட்டி, தென்னிந்திய மலைகளின் அடர்ந்த காடுகளைச் சார்ந்து வாழும் பழுப்புக் காட்டு ஆந்தையை முதன்மையாகக் கொள்கிறது. அரை மீட்டர் நீளமுள்ள பெரிய பறவை அது. தலையில் கொம்பு போன்ற இறகுகள் கிடையாது. கண்கள் கரும்பழுப்பு, முகவட்டில் கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கருமை இருக்கும், வயிற்றில் நெருக்கமான மெல்லிய வரிகள் ஓடும். பகலில் அடர்ந்த இலைகளுக்குள் அசையாமல் ஒடுங்கியிருக்கும். முதிர்ந்த மரத்தின் பொந்திலோ, பெருங்கிளைகள் பிரியும் கவையிலோ, பாறை இடுக்கிலோ முட்டையிடும். சிறு பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன ஆகியவை அதன் இரை.

உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் இந்தப் பறவை ‘கவலை குறைந்த’ இனமாகவே வைக்கப்பட்டுள்ளது என்பதை மறைக்கக் கூடாது. அதன் உலகப் பரப்பு பெரியது. ஆனால் ஒரு தனி மலையில், நான்கு புறமும் சமவெளி சூழ்ந்த தீவு போன்ற காட்டில், முதிர்ந்த மரங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அங்குள்ள ஆந்தைக் கூட்டம் அழிவதற்கு உலகப் பட்டியல் தடையாக நிற்காது. மாந்திரீகத்துக்காகவும் கள்ளச் சந்தைக்காகவும் ஆந்தைகள் பிடிக்கப்படுவது இதற்கு மேல் வரும் ஆபத்து. குறிப்பாகத் தீபாவளியை ஒட்டி நாட்டின் பல பகுதிகளில் இது கூடுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆந்தையையும் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும்.

இரண்டாவது இனமாகப் பொரிப்புள்ளி ஆந்தையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அளவில் ஏறத்தாழ அதே பறவைதான். ஆனால் சமவெளித் தோப்புகளையும் மலையடிவாரத்துப் புளி, மா, ஆல் போன்ற முதிய மரங்களையும் விரும்பும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பெரிய பொந்து ஆந்தைகளையும் வைத்துத் திட்டமிட்டால், மலையின் அடிவாரத் தோப்புகள் ‘காடு அல்ல’ என்ற ஒரே காரணத்தால் வரைபடத்திலிருந்து விடுபட்டுப் போகாது.

இனத்தை முடிவு செய்ததும், அது எங்கே இருக்கிறது என்று எழுதப்பட்டுள்ள பழைய பதிவுகளைத் திரட்ட வேண்டும். திரட்டியதை ஐயப்படவும் வேண்டும். மத்திய இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை இதற்கு நல்ல பாடம். 1873இல் ஹியூம் என்பவரால் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட அந்தப் பறவை, 1884க்குப் பிறகு கண்ணில் படவேயில்லை. 1914இல் குஜராத்தில் ஒன்றைப் பிடித்ததாக மெய்னர்ட்சாகன் என்ற பிரிட்டிஷ் பறவை சேகரிப்பாளர் காட்டிய பாடம் செய்த உடல், உண்மையில் வேறொருவர் 1880களில் சேகரித்ததைத் திருடிப் பொய்ச் சீட்டு ஒட்டியது என்று பின்னால் வெளிப்பட்டது. அதுவரை தேடியவர்கள் பொய்யான இடத்தையும் நம்பித் தேடினார்கள். அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனும் உடன் சென்றவர்களும் அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய பதிவுகளின் தடத்தைப் பற்றிச் சென்று, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே உள்ள வறண்ட காட்டில் அந்தப் பறவையை மீண்டும் கண்டார்கள். தவறான ஒரே ஒரு இடக்குறிப்பு ஒரு பறவைக்கான தேடலை எவ்வளவு காலம் திசை மாற்றும் என்பதை எண்ணிப் பார்த்தால், உங்கள் குறிப்பேட்டில் ‘கேட்டது’, ‘பார்த்தது’, ‘பிறர் சொன்னது’ என்று மூன்று தனிப் பத்திகள் போடத் தோன்றும்.

இரண்டாம் படி: ஏற்கனவே உள்ள வகைப்பாட்டைப் புரிந்துகொள்ளுதல்

இந்தியக் காடுகளுக்கு 1968இல் சாம்பியன், சேத் என்ற வனவியலாளர்கள் இருவரும் வகுத்த வகைப்பாடே இன்றும் அரசு ஆவணங்களில் வழங்குகிறது. நாட்டின் காடுகள் அனைத்தும் அதில் 16 வகைத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சேர்வராயன் மலையில் வேலை செய்பவர் நான்கைந்தை அறிந்துகொண்டால் போதும். அடிவாரத்தில் முட்காடு: உசிலை, வெள்வேல், காரை, சூரை, கள்ளி. அதற்கு மேலே இலையுதிர் வறண்ட கலப்புக் காடு: வெக்காலி, வேங்கை, புரசு, சந்தனம், நெல்லி, ஆங்காங்கே மூங்கில் புதர்கள். மேலே ஏற ஏற, ஈரம் தங்கும் மடிப்புகளில் ஈர இலையுதிர் காட்டின் சாயல் தெரியும். தான்றியும் கடுக்காயும் அங்கே தடித்து வளர்கின்றன. உச்சியின் பள்ளங்களிலும் கோயிலைச் சார்ந்த காடுகளிலும் நாவலும் அத்தி இனங்களும் கலந்த பகுதிப் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் கிடக்கின்றன. ஓடைக்கரைகள் எல்லா உயரத்திலும் தனி இனம். நீர்மருதும் நாவலும் புங்கமும் கோடைக்கும் இலை தாங்கி நிற்கும்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும், சேர்வராயன் கோயில் உள்ள முகடு 1,600 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறி முடிப்பதற்குள் இத்தனை வகைக் காடுகளும் சன்னலோரமாகக் கடந்துவிடுகின்றன என்பதால், வகைப்பாட்டைக் கற்க இதைவிட மலிவான வகுப்பறை கிடையாது. ஆனால் உயரத்தை மட்டும் நம்பி வகை பிரிப்பது தவறு. ஒரே உயரத்தில் வெயில் நேராக விழும் சரிவு முட்காடாகவும், நிழல் விழும் மடிப்பு அடர்காடாகவும் இருப்பதைக் காணலாம்.

அடுத்தது அடர்த்தி. இந்திய வன நில அளவை நிறுவனம் மரக் கவிகை, அதாவது மரத்தலைகள் சேர்ந்து அமைக்கும் இலைக்கூரை, தரையை எவ்வளவு மூடுகிறது என்பதை வைத்து, 70 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி, 10 முதல் 40 வரை திறந்த காடு, 10க்குக் கீழே புதர் என்று பிரிக்கிறது. இந்த வரையறையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் கவிகை 10 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த நிலம் யாருக்குச் சொந்தம், என்ன மரம் என்று பாராமல் அது வனப்பரப்பாக எண்ணப்படும். ஆகவே வரிசையாக சில்வர் ஓக் நட்ட காப்பித் தோட்டமும் அந்த வரைபடத்தில் அடர்ந்த பச்சையாக வரும். அந்த நிறுவனம் அளக்க விரும்புவது மரப்போர்வையை. நமக்கு வேண்டியது மரப்பொந்து. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதால், அந்த வரைபடத்தைக் குறைகூறுவதில் பொருளில்லை. அதை அப்படியே ஆந்தை வரைபடமாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

காட்டின் பெயர் ஒன்றாக இருக்க, அதன் வயது வேறாக இருக்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் வாழும் புள்ளிக் காட்டு ஆந்தை 1990இல் அந்நாட்டுச் சட்டப்படி அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. 1994இல் அந்த வட்டாரத்துக் கூட்டரசுக் காடுகளுக்கென ஒரு பெருந்திட்டமும் வந்தது. அங்கே இளங்காட்டிலும் முதுகாட்டிலும் ஓங்கி நிற்பது டக்ளஸ் ஃபிர் என்ற ஒரே மரம்தான். மர இனத்தை வைத்துப் பிரித்திருந்தால் இரண்டும் ஒரே வண்ணம் பெற்றிருக்கும். ஆந்தை தேடியதோ பல அடுக்குக் கவிகையும் உளுத்த பெருமரங்களும் உள்ள முதுகாட்டை. அதே ஆந்தை இங்கு இல்லை. ஆனால் கேள்வி இங்கும் அதுவே.

மூன்றாம் படி: செயற்கைக்கோள் படத்திலிருந்து முதல் வரைவு

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் முக்கிய அலைவரிசைகளின் படப்புள்ளி ஒன்று தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் பரப்பைக் குறிக்கும். ஒரு ஹெக்டேருக்கு 100 புள்ளிகள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் புள்ளி 30 மீட்டர் என்பதால், ஓடைக்கரையின் குறுகிய காட்டுப் பட்டை அதில் கரைந்துபோகும். படங்களைக் கையாள கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதுமானது. உயரம், சரிவு, சரிவின் முகத்திசை ஆகியவற்றுக்கு 30 மீட்டர் அளவிலான எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்க வேண்டிய படங்கள் இரண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மேகமில்லாத டிசம்பர் இறுதி அல்லது ஜனவரிப் படம் ஒன்று. இலை முற்றும் உதிர்ந்து, கோடை மழை தொடங்காத மார்ச் படம் ஒன்று. இரண்டிலும் பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீட்டைக் கணக்கிட்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைக்கும் வேறுபாடே உங்கள் முதல் வரைபடம். அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே தாவரக் குறியீடு. வேறுபாடு மிகுதியாக உள்ள இடம் இலையுதிர் காடு. இரு படங்களிலும் மதிப்பு குறைவாக இருந்தால் முட்காடோ வெறும் பாறையோ ஆகும். இரு படங்களிலும் மதிப்பு உயர்ந்தே இருந்தால் அங்கே கோடையிலும் இலை இருக்கிறது என்று மட்டும் பொருள். அதற்கு மேல் எதையும் அந்த எண் சொல்லாது.

தீப்பட்ட சரிவுகள் மார்ச் படத்தில் கருத்துக் கிடக்கும். அவற்றை முட்காடு என்று எண்ணிவிடாமல் இருக்க, அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் மார்ச் படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. உண்ணிச்செடி மண்டிய இடங்களும் தொல்லை தரும். மழைக்குப் பின் அது தரையை மூடிப் பசுமை காட்டுவதால், மேலே மரமே இல்லாத சரிவும் படத்தில் காடு போல நடிக்கும்.

நான்காம் படி: காப்பித் தோட்டத்தைக் காட்டிலிருந்து பிரித்தல்

இந்த மலையில் இதுவரை யார் வகைப்பாடு செய்தாலும் தடுமாறும் இடம் இதுதான். நானும் முதல்முறை வரைந்தபோது, மேட்டுநிலத்தில் அழகான பெரும் பசுமைமாறாக் காடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்தேன். நேரில் போய்ப் பார்த்தால் வேலியும் கதவும் காப்பி உலர்த்தும் களமும் இருந்தன. கணினி பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி தவறு.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி இம்மலைக்கு வந்தது. அராபிகா காப்பிக்கு நிழல் வேண்டும். தொடக்கத்தில் காட்டை முழுதும் வெட்டாமல், கீழ்அடுக்கை மட்டும் துப்புரவாக்கி, மேலே நின்ற அத்தி, இச்சி, நாவல், பலா, ஈட்டி போன்ற மரங்களை நிழலுக்கு விட்டுவைப்பது ஒரு முறை. பின்னால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நட்டு, அதில் மிளகுக்கொடி ஏற்றும் முறை பரவியது. நேராக வளரும், விரைவில் விற்பனைக்கு ஆகும், கொடி தாங்கும் என்பதால் தோட்டக்காரருக்கு அது இலாபம். ஆனால் இளமையிலேயே வெட்டப்படும் அந்த மரத்துக்குப் பொந்து விழும் வயது வாய்ப்பதில்லை. பெருங்கிளை ஒடிந்து, காயத்தில் நீர் தங்கி, பூஞ்சையும் கறையானும் உள்மரத்தை அரித்து, ஓர் ஆந்தை நுழையும் அளவுக்குப் பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். குக்குறுவானும் மரங்கொத்தியும் குடையும் துளைகள் சிற்றாந்தைக்கு உதவும். அரை மீட்டர் நீளமுள்ள பறவைக்கு அவை போதா.

ஆகவே ‘காப்பித் தோட்டம்’ என்ற ஒற்றை வகுப்பு வைக்கக் கூடாது. குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள்: முதிய நாட்டு மரங்களின் நிழலில் உள்ள தோட்டம், நாட்டு மரமும் சில்வர் ஓக்கும் கலந்தது, முழுக்க சில்வர் ஓக் ஆகிவிட்டது. முதல் வகைத் தோட்டம் ஆந்தைக்குப் பெயரளவு காட்டைவிட மேலாக இருக்கக்கூடும். சில காப்புக்காட்டுச் சரிவுகளில் மரங்கள் எல்லாம் மறுதாம்பாக, அதாவது வெட்டிய அடியிலிருந்து துளிர்த்தவையாக, தொடைப் பருமனில் நிற்கும்போது, பக்கத்து எஸ்டேட்டில் நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அத்தி நிற்பதைக் காணலாம். ஆவணத்தில் ஒன்று காடு, மற்றது பட்டா நிலம். ஆந்தைக்கு ஆவணம் தெரியாது.

பிரிப்பதற்கு மூன்று துணைகள் உண்டு. ஒன்று, கூகுள் எர்த்தில் கிடைக்கும் நுண்படம்: சில்வர் ஓக் கவிகை ஒரே அளவான சிறு வட்டங்களாக, வரிசை தெரியும்படி இருக்கும்; இயற்கைக் காட்டின் கவிகை பெரிதும் சிறிதுமாக, முரட்டு மேடு பள்ளமாக இருக்கும். இரண்டு, தோட்டத்துப் பாதைகள்: காப்புக்காட்டுக்குள் வளைந்து நெளியும் நெருக்கமான வண்டிப்பாதைகள் இரா. மூன்று, காப்புக்காட்டு எல்லையும் வருவாய்த்துறை நிலப் பதிவுகளும். இவற்றை வைத்துக் கணினித் திரையிலேயே எல்லைகளைக் கையால் வரைந்துவிடுவது, தானியங்கி வகைப்பாட்டைத் திரும்பத் திரும்பத் திருத்துவதைவிட விரைவானது என்பது என் அனுபவம். மலை அவ்வளவு பெரிதில்லை. ஒரு மாத மாலைகள் போதும்.

பருவத்தையும் மறக்க வேண்டாம். மழைக்காலத்துக்கு முன் எஸ்டேட்களில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். அந்த வாரத்துப் படத்தில் நல்ல நிழல் தோட்டமும் திறந்த காடு போலத் தெரியும்.

ஐந்தாம் படி: களத்தில் அளத்தல்

காப்புக்காட்டுக்குள் நுழையுமுன் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எஸ்டேட்டுக்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். கோயில் காடுகளுக்கு அவ்வூர் மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்டுச் செல்ல வேண்டும். காலணியைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டிய காடுகள் உண்டு. அங்கே டேப்பை வெளியே எடுக்குமுன் பெரியவர்களிடம் ஒரு சொல் கேட்பது மரியாதை.

வரைவு வரைபடத்தின் ஒவ்வொரு வகுப்பிலும் இடங்களைக் கணினி மூலம் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுங்கள். பாதைக்கு அருகே உள்ள இடங்களையே எடுத்தால் வெட்டுப்பட்ட, மெலிந்த காட்டையே அளந்துகொண்டிருப்பீர்கள். ஒவ்வோர் இடத்திலும் 11.28 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் அது 400 சதுர மீட்டர். சரிவில் இந்த ஆரம் கிடைமட்டத் தொலைவு என்பதை மறந்துவிடக் கூடாது: 30 பாகைச் சரிவில், மேலும் கீழுமான திசையில் நாடாவை 13 மீட்டர் வரை நீட்டினால்தான் சரியான அளவு வரும். வட்டத்துக்குள் ஒவ்வொரு மரத்தின் பெயரையும், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அதன் சுற்றளவையும் எழுதுங்கள். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். 157 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் 50 சென்டிமீட்டர் விட்டம். கவிகை மூடலை அறிய, ஒரு குழாய்த் துண்டின் வழியாக வட்டத்தின் 40 புள்ளிகளில் நேர்மேலே பார்த்து, இலை தெரிந்தால் 1, வானம் தெரிந்தால் 0 என்று குறித்தால் போதும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

பொந்து மரங்களுக்கு இந்த வட்டம் போதாது. அவை அரிதானவை, 400 சதுர மீட்டரில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது, அகப்பட்டாலும் அதை வைத்துப் பெருக்கினால் நம்ப முடியாத எண் வரும். அதற்காக 500 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு நடந்து, இரு பக்கமும் 20 மீட்டர் அகலத்துக்குள் உள்ள பெருமரங்களை மட்டும் பாருங்கள். ஒரு நடை முடிந்தால் 2 ஹெக்டேர் பார்த்ததாகும். விட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்தையும் இருநோக்கியால் சுற்றிவந்து பார்த்து, பொந்து உண்டா, அதன் வாய் எத்தனை உயரத்தில், எத்திசை நோக்கி, உங்கள் கைவிரிப்பு அளவு இருக்குமா என்று எழுதுங்கள். பட்ட மரங்களையும் விடாதீர்கள். மரத்தடியில் வெள்ளை எச்சமும், எலும்பும் மயிரும் சேர்ந்து உருண்டையாகக் கிடக்கும் கக்கலும் இருந்தால் அங்கே ஏதோ ஓர் ஆந்தை அமர்கிறது என்று பொருள். இலையுதிர் காட்டில் இந்த நடைக்கு மார்ச் மாதமே ஏற்றது. இலை இல்லாத மரத்தில் பொந்து ஒளிந்துகொள்ள முடியாது. ஆனால் அக்காலத்தில் கூட்டில் குஞ்சுகள் இருக்கலாம் என்பதால், பறவை தென்பட்டால் அங்கேயே நிற்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். மரமேறிப் பொந்தை எட்டிப் பார்க்கும் ஆசையை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: இரவில் கேட்டல்

பொந்து இருப்பதால் மட்டும் ஆந்தை இருந்துவிடாது. பொழுது சாய்ந்து முதல் இரண்டு மணி நேரமும் விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரமும் கேட்பதற்கு உகந்தவை. கேட்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று குறைந்தது 500 மீட்டர் விலகி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே பறவையை இருமுறை எண்ணுவீர்கள். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் பேசாமல், விளக்கை அணைத்து நிற்க வேண்டும். காற்றும் மழையும் உள்ள இரவு வீண். அருவிக்கும் ஓடைக்கும் பக்கத்தில் நின்றால் மெல்லிய குரல் நீரொலியில் அமிழ்ந்துவிடும். சற்று விலகிய மேட்டில் நில்லுங்கள்.

பழுப்புக் காட்டு ஆந்தையின் குரல் தாழ்ந்தது, ஆழ்ந்தது. ‘ஹு-ஹு-ஹூ’ என்று அடங்கி ஒலிக்கும். பொரிப்புள்ளி ஆந்தையோ நடுங்கி இழுபடும் குரலில் கூவும். ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். புள்ளி ஆந்தை சண்டைக்காரர்போலப் படபடவெனக் கத்தும். குரலைப் பதிவுசெய்து பின்னால் ஒப்பிடுங்கள். ஆனால் ஒலிபெருக்கியில் குரலைப் போட்டு ஆந்தையை அழைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லையைக் காக்கும் பறவை வேட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி வரும். உங்கள் தரவு ஓர் இரவில் சேரும், அதன் செலவைப் பறவை சுமக்கும்.

ஒருமுறை கேட்கவில்லை என்பதால் அங்கே இல்லை என்று எழுதக் கூடாது. ஓர் இடத்தில் ஆந்தை இருந்தும் ஓர் இரவில் அது கேட்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொண்டால், மூன்று இரவுகள் போனால் ஒருமுறையாவது கேட்கும் வாய்ப்பு 78 விழுக்காடு; ஐந்து இரவுகள் போனால் 92. ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது மூன்று இரவுகள், முடிந்தால் ஐந்து. கேட்காத இரவையும் நேரம், நிலவு, காற்று ஆகியவற்றுடன் எழுதிவைத்தால்தான் பின்னர் இருப்புக் கணக்கீடு, அதாவது கேட்காமல் தவறும் வாய்ப்பையும் சேர்த்து ஆந்தை எத்தனை இடங்களில் இருக்கும் என்ற கணக்கு, செய்ய முடியும். இம்மலையில் இரவில் காட்டெருமைகள் காப்பித் தோட்டங்களுக்குள்ளும் சாலையிலும் இறங்கி நிற்கும். தனியே போகாதீர்கள்; உள்ளூர்க்காரர் ஒருவரோ வனக்காப்பாளரோ உடன் இருக்கட்டும்.

மலையூர்ப் பெரியவர்களிடம் பேசுவதற்குத் தனி மாலை ஒதுக்குங்கள். ஆந்தை அலறினால் எத்தனை முறை அலறியது என்று எண்ணி நிமித்தம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததால், எந்த மரத்திலிருந்து, எந்தக் காலத்தில் அது கூவும் என்பதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அச்சத்தால் சேர்த்துவைத்த அந்த நினைவு நமக்குப் பல ஆண்டுத் தரவாகிறது. ஆனால் கூகை, ஆந்தை என்ற பெயர்கள் ஆளுக்கு ஆள் வேறு பறவையைக் குறிக்கும் என்பதால், கைப்பேசியில் குரல்களை மெல்ல ஒலித்துக் காட்டி, எது என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

ஏழாம் படி: வரைபடத்தின் பிழையை அளத்தல்

வரைபடத்தை வரையப் பயன்படுத்திய இடங்களை வைத்தே அதைச் சோதித்தால், தானே வினாத்தாள் எடுத்துத் தானே தேர்வு எழுதியது போலாகும். சோதனைக்கெனத் தனி இடங்கள் வேண்டும். வகுப்புக்கு 50 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எண். எடுத்துக்காட்டாக, வரைபடம் பகுதிப் பசுமைமாறாக் காடு என்று சொன்ன 60 இடங்களில் 42 மட்டுமே நேரில் அப்படி இருந்து, மீதி 18 தோட்டமாக இருந்ததென்றால், அந்த வகுப்பின் நம்பகம் 70 விழுக்காடு. ஒட்டுமொத்தச் சரித்தன்மை 85 என்று பெருமையாகப் போட்டுவிட்டு இந்த 70ஐ மறைப்பது பல அறிக்கைகளில் நடக்கிறது. பரப்பில் பெரிய முட்காட்டைச் சரியாகக் குறித்தாலே மொத்த எண் உயர்ந்துவிடும். ஆந்தைக்கு வேண்டிய சிறிய வகுப்பில் உள்ள பிழையை அது மூடிவிடும். வகுப்புவாரியாகத் தனித்தனி எண்ணை வெளியிடுங்கள்.

எட்டாம் படி: அடுக்குகளைச் சேர்த்துத் திட்டமாக்குதல்

இப்போது உங்களிடம் காட்டு வகை, கவிகை அடர்த்தி, பெருமரங்களின் எண்ணிக்கை, பொந்துகள், ஆந்தை கேட்ட இடங்கள், நில உரிமை என்று ஆறு அடுக்குகள் உள்ளன. கேட்ட ஒவ்வோர் இடத்தையும் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் ஏறத்தாழ 78 ஹெக்டேர் வரும். இது நம் வேலைக்கான அலகுதான். அந்தப் பறவையின் எல்லை இதுவே என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. அவ்வட்டத்துக்குள் பொந்து மரம் எத்தனை, மூடிய கவிகை எவ்வளவு, அது தொடர்ச்சியாக உள்ளதா துண்டுகளாகவா என்று கணக்கிட்டு, ஆந்தை கேட்காத வட்டங்களோடு ஒப்பிடுங்கள்.

பொந்தும் இருந்து ஆந்தையும் கேட்ட இடத்துக்கு முதல் முன்னுரிமை என்பதில் ஐயமில்லை. அடுத்த இடத்தை, பலர் செய்வதுபோல், ஆந்தை கேட்ட ஆனால் பொந்து காணாத இடத்துக்குத் தராமல், பொந்து நிறைய இருந்தும் ஆந்தை கேட்காத இடத்துக்குத் தருவேன். பறவை இடம் பெயரும், மரம் பெயராது, பொந்து விழ எடுக்கும் காலத்தை எந்தத் திட்டத்தாலும் சுருக்க முடியாது. மூன்றாவதாக, உச்சிக் காட்டையும் கீழ்ச்சரிவுக் காட்டையும் இணைக்கும் ஓடைக்கரைப் பட்டைகள். பரப்பில் மிகச் சிறியவை. ஆனால் அவை அறுந்தால் மேலே உள்ளது மேலேயும் கீழே உள்ளது கீழேயும் தனித்துவிடும்.

நில உரிமைக்கு ஏற்ப நடவடிக்கை மாறும். காப்புக்காட்டில் வனத்துறையிடம் கேட்க வேண்டியவை: பட்ட மரங்களை அகற்றாமல் விடுதல், பிப்ரவரிக்கு முன்னரே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டுதல், பொந்து மரத்தின் அடியில் உண்ணிச்செடியை அகற்றித் தீ மரத்தில் ஏறாமல் காத்தல். எஸ்டேட்டில் பேச்சு வேறு. ஒரு முதிய அத்தியை விடச் சொன்னால் இழப்பு என்ன என்று உரிமையாளர் கேட்பார், கேட்பது நியாயம். ஏக்கருக்கு இரண்டு மூன்று முதிய நாட்டு மரங்களைக் குறித்துக் கொடுத்து, அவற்றை மட்டும் கிளை கழிப்பிலிருந்தும் வெட்டிலிருந்தும் விலக்கும்படி கேட்பது, தோட்டம் முழுவதையும் மாற்றச் சொல்வதைவிட நடக்கக்கூடியது. எலி மருந்து வைப்பதைக் குறைக்கச் சொல்லவும் இதுவே தருணம். மருந்துண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் நஞ்சு போய்ச் சேரும். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட இடங்களில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும் என்பதால், உங்கள் பொந்து மரப் பட்டியல் அனுமதி வழங்குபவர்களின் கையில் இருப்பது பயன் தரும். கோயில் காட்டுக்கு வேலியும் பலகையும் போடப் பரிந்துரைக்காதீர்கள். அதைக் காத்துவந்த வழக்கம் எதுவோ, அது தொடரத் தடையாக என்ன வந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக, வெளியிடும் முறை. வகைப்பாட்டு வரைபடத்தைத் தாராளமாகப் பொதுவில் வைக்கலாம். கூட்டின் இடத்தையோ பொந்து மரத்தின் துல்லியமான ஜிபிஎஸ் எண்ணையோ வைக்கக் கூடாது. பறவை பிடிப்பவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை. பொது வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக மட்டும் காட்டிவிட்டு, முழுப் பட்டியலை வனத்துறையிடமும் நில உரிமையாளரிடமும் ஒப்படையுங்கள். நிழற்படக்காரர்கள் கேட்டாலும் இதே விதிதான். வரைபடத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக வரைந்தால் போதும். பொந்து மரங்களை மட்டும் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையின் காற்று ஓய்ந்த பிறகு, தை பிறக்குமுன் ஒரு சுற்று போய், எது நிற்கிறது, எது விழுந்தது என்று பார்த்துக் குறித்துவர வேண்டும்.